லி ஹோங்ஜியும் ஃபாலுன் கோங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைபே 101 கோபுரத்துக்கு முன்னால் உள்ள நடைபாதையில்தான் இவர்களை முதன்முதலில் பார்த்தேன். மஞ்சள் மேல்சட்டை போட்ட ஒரு பாட்டி சம்மணமிட்டு, கண்ணை மூடி, ஒரு உள்ளங்கையை நெஞ்சுக்கு நேராக நிமிர்த்தி வைத்திருந்தார். பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டியிலிருந்து மெல்லிய இசை வந்துகொண்டிருந்தது. ஒரு பேருந்து வந்து நின்று, சீனாவிலிருந்து வந்த சுற்றுலாக் கூட்டம் இறங்கியது. பாட்டிக்குப் பின்னால் கட்டியிருந்த பதாகையைச் சிலர் நின்று படித்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்தார்கள். பாட்டி கண்ணைத் திறக்கவே இல்லை.

ஊர் திரும்பி இதைச் சொன்னபோது நண்பர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதன்பின் சில வருடங்களாகத் தேடிப் படித்ததை, அவர்கள் கேட்ட கேள்விகளின் வரிசையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

யார் இந்த லி ஹோங்ஜி?

ஃபாலுன் கோங் என்ற பயிற்சி முறையைத் தொடங்கியவர். அதை ஃபாலுன் தாஃபா என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான். வடகிழக்குச் சீனாவின் ஜிலின் மாகாணத்தில் கோங்ஜூலிங் என்ற ஊரில் பிறந்தவர். படிப்புக்குப் பிறகு ராணுவக் குதிரைப் பண்ணை ஒன்றில் வேலை பார்த்தார். அப்புறம் வனக் காவல் படையின் இசைக்குழுவில் டிரம்பெட் வாசித்தார், அதே படையின் விருந்தினர் விடுதியில் பணியாளராக இருந்தார். கடைசியாகச் சாங்சுன் நகரில் தானிய, எண்ணெய் நிறுவனம் ஒன்றின் பாதுகாப்புப் பிரிவில் இருந்தார். 1992 மே மாதம் அந்த நகரத்தின் பள்ளிக்கூடம் ஒன்றில் முதல் வகுப்பை நடத்தியபோது அவருக்கு வயது நாற்பதைத் தொட்டிருந்தது. ஏழே ஆண்டுகளில் சீன அரசு பிடியாணை போட்டுத் தேடும் ஆளாகிவிட்டார்.

பிறந்த தேதி ஏன் இரண்டு இருக்கிறது?

அவர் சொல்வது 1951 மே 13. அரசு சொல்வது 1952 ஜூலை 7. சீனச் சந்திர நாட்காட்டிப்படி 1951 மே 13 புத்தர் பிறந்த நாள். தன்னைப் புத்தராகக் காட்டிக்கொள்ளவே 1994-இல் ஆவணங்களில் தேதியை மாற்றினார் என்பது அரசின் குற்றச்சாட்டு. மாவோ பழையவற்றை ஒழிக்கக் கிளப்பிய கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் அரசு அலுவலகம் தவறாகப் பதிந்ததைத் திருத்திக்கொண்டேன், அன்றைக்கு எத்தனையோ பேர் பிறந்திருப்பார்கள் என்பது அவருடைய பதில். நம் ஊரில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியோடு வாழ்நாளெல்லாம் இருப்பவர்களுக்கு இந்தப் பதில் அவ்வளவு விநோதமாகத் தோன்றாது. இதில் மட்டும் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

அவருக்குக் குரு யார்?

1990களின் தொடக்கத்தில் அவருடைய நூலோடு சேர்ந்து வந்த வாழ்க்கைக் குறிப்பில் ஒரு பதில் இருக்கிறது. நான்கு வயதில் ஒரு பௌத்தத் துறவி அவரைத் தேடி வந்து கற்றுக்கொடுத்தார், பன்னிரண்டு வயதில் சீனாவின் பழைய சமயமான தாவோ மரபைச் சேர்ந்த ஒரு ஆசான் வந்தார், பிறகும் ஆசான்கள் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள் என்கிறது அது. பின்னால் வந்த பதிப்புகளில் அந்தக் குறிப்பு இல்லை. பள்ளியில் கூடப் படித்தவர்களைப் பேச வைத்து, அவர் சாதாரண மாணவர்தான் என்று அரசு ஊடகங்கள் சொல்லவைத்தன. சரிபார்க்க வழியில்லாத பகுதி இது. சீனாவில் சிகோங் ஆசான் என்று புறப்பட்ட அநேகமாக எல்லோருக்கும் இப்படி மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு குரு இருந்திருக்கிறார் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்.

சிகோங் என்கிறீர்களே, அது என்ன?

இதைப் புரிந்துகொள்ளாமல் லியைப் புரிந்துகொள்ள முடியாது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

'சி' என்பது மூச்சு, நாம் பிராணன் என்று சொல்வதற்குப் பக்கத்தில் வரும் சொல். 'கோங்' என்பது பழகிப் பழகி வரும் திறன். மூச்சை அடக்கி, உடலை மெதுவாக அசைத்து, மனதை ஒரு இடத்தில் நிறுத்தும் பயிற்சிகள் சீனாவில் மிகப் பழையவை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து 'சிகோங்' என்று பெயர் வைத்தது 1950களில் கம்யூனிஸ்ட் ஆட்சியின் மருத்துவ அதிகாரிகள். சாமி, மந்திரம், பேய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, உடல்நலப் பயிற்சி என்ற அளவில் சுகவாச மனைகளில் சொல்லிக்கொடுத்தார்கள். கலாச்சாரப் புரட்சி வந்ததும் அதுவும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கப்பட்டது.

1970களில் குவோ லின் என்ற பெண்மணி பெய்ஜிங் பூங்காக்களில் மறுபடியும் ஆரம்பித்தார். புற்றுநோயிலிருந்து மீண்டவர் அவர். நடையோடு மூச்சைச் சேர்த்துப் பழக்கினார். மாவோ காலம் முடிந்ததும் அணை உடைந்த மாதிரி ஆகிவிட்டது. விளையாட்டு அரங்கங்களில் ஆசான்கள் பேசினார்கள், கூட்டத்தில் சிலர் அழுதார்கள், சிலர் ஆடினார்கள், நோய் போனது என்று எழுந்து நின்றார்கள். 1979-இல் சிசுவான் மாகாணத்துச் சிறுவன் ஒருவன் காதால் எழுத்துகளைப் படிக்கிறான் என்று செய்தித்தாளில் வந்தது. சீன ஏவுகணைத் திட்டத்தின் தந்தை என்று போற்றப்படும் விஞ்ஞானி சியான் சுவேசென்னே, மனித உடலின் அசாதாரண ஆற்றல்களை ஆராய வேண்டும் என்று வாதாடினார். அரசின் ஆதரவோடு ஆராய்ச்சிச் சங்கம் வந்தது. கோடிக்கணக்கான மக்கள் விடியற்காலையில் பூங்காவுக்குப் போனார்கள்.

வயிற்றுப்பாடும் இதில் கலந்திருந்தது. அதுவரை தொழிற்சாலைதான் வீடு, பள்ளி, மருத்துவமனை எல்லாம் கொடுத்தது. சந்தைப் பொருளாதாரம் வந்தபின் அரசுத் தொழிற்சாலைகள் ஆட்களைக் குறைத்தன, மருத்துவச் செலவு சொந்தக் கைக்கு வந்தது. வடகிழக்கு மாகாணங்களில் இந்த அடி பலமாக விழுந்தது. லி கிளம்பிய சாங்சுன், சீனாவின் முதல் கார் தொழிற்சாலை இருந்த ஊர். ஐம்பது வயதில் வேலையும் மருத்துவ அட்டையும் போன ஒரு பெண்ணுக்கு, காசில்லாமல் பூங்காவில் கிடைத்த பயிற்சி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

லி புதிதாக என்ன சொன்னார்?

மற்ற ஆசான்கள் உடல்நலத்தையும் சக்தியையும் முன்னால் வைத்தார்கள். லி ஒழுக்கத்தை முன்னால் வைத்தார். ஜென், ஷான், ரென் என்ற மூன்று சொற்கள்தான் அவருடைய போதனையின் முதுகெலும்பு. ஜென் என்றால் உண்மை. ஷான் என்றால் கருணை, நற்குணம். ரென் என்றால் பொறுத்தல். அந்த மூன்றாவது எழுத்தைச் சீனத்தில் எழுதும்போது மேலே கத்தியின் கூர்முனையும் கீழே இதயமும் வரும். இதயத்தின் மேல் கத்தி நிற்கும்போதும் அசையாமல் இருப்பது பொறுமை. பிறகு நடந்ததைத் தெரிந்துகொண்டபின் அந்த எழுத்தைப் பார்த்தால் மனசு என்னவோ செய்கிறது.

நம் கர்மக் கொள்கையை ஒத்த ஒன்றும் உண்டு, ஆனால் லி அதைப் பொருளாகவே சொல்வார். தீவினை என்பது உடலைச் சுற்றியுள்ள கறுப்புப் பொருள், நற்பேறு என்பது வெள்ளைப் பொருள். உங்களை ஒருவன் திட்டினாலோ அடித்தாலோ அவனுடைய வெள்ளைப் பொருள் உங்களிடம் வந்து சேரும், நீங்கள் பொறுத்தால் உங்கள் கறுப்புப் பொருளும் வெள்ளையாகும். ஆகவே அடித்தவனுக்கு நன்றி சொல்ல வேண்டும். இப்படிப் பாடம் படித்த கூட்டத்தைத்தான் பின்னால் ஒரு அரசு அடித்து வழிக்குக் கொண்டுவர முயன்றது.

பயிற்சி எப்படி இருக்கும்?

மொத்தம் ஐந்து. நான்கு நின்றுகொண்டு செய்வது, ஒன்று உட்கார்ந்து செய்வது. முதலாவதில் உடலை நீட்டித் தளர்த்துவார்கள். இரண்டாவதில் ஒரு பெரிய சக்கரத்தைப் பிடித்திருப்பதுபோல இரண்டு கைகளையும் வளைத்துத் தலைக்கு முன், வயிற்றுக்கு முன், தலைக்கு மேல், காதுகளுக்குப் பக்கத்தில் என நிறுத்த வேண்டும். பார்க்கச் சுலபம். நான் ஒருமுறை வீட்டில் செய்து பார்த்தேன், முதல் நிலையிலேயே சில நிமிடங்களில் தோள் எரிய ஆரம்பித்துவிட்டது. மூன்றாவதும் நான்காவதும் உடலோடு ஒட்டிக் கைகளை மேலும் கீழுமாகக் கொண்டுபோவது. ஐந்தாவது பத்மாசனத்தில் உட்கார்ந்து தியானம், பழகியவர்கள் ஒரு மணி நேரம் அப்படியே இருப்பார்கள்.

ஃபாலுன் என்பது நம்முடைய தர்மசக்கரமா?

சொல் அதுதான். 'ஃபா' தர்மம், 'லுன்' சக்கரம். சீன பௌத்தத்தில் புத்தரின் அறச்சக்கரத்துக்கே இந்தச் சொல்லைப் புழங்கி வந்தார்கள். லி அதை எடுத்து வேறு அர்த்தம் கொடுத்தார். ஆசான் சீடனின் அடிவயிற்றில் ஒரு சக்கரத்தை வைக்கிறார், அது இரவும் பகலும் சுழன்று பிரபஞ்ச சக்தியை உள்ளே இழுக்கிறது என்றார். அவர்களுடைய சின்னத்தின் நடுவில் பெரிய ஸ்வஸ்திக், சுற்றிலும் நான்கு சின்ன ஸ்வஸ்திக்குகள், இடையிடையே கறுப்பும் சிவப்பும் நீலமும் கலந்த தாவோ வட்டங்கள். மேற்கு நாடுகளில் ஸ்வஸ்திக்கைப் பார்த்துப் பயந்துபோகிறவர்களுக்கு இவர்கள் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கோலத்திலும் கல்யாணப் பத்திரிகையிலும் அதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பௌத்தமும் தாவோவும் இரண்டுமே இதில் இருக்கின்றன. ஆனால் தன் முறையை அவற்றின் ஒரு கிளை என்று லி சொல்வதில்லை, இரண்டையும் தாண்டிய பெரிய விதி என்பார்.

காசு வாங்குவார்களா?

பயிற்சிக்கு இல்லை. 1992 முதல் 1994 கடைசிவரை சீனாவின் பல நகரங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்ட விரிவுரைத் தொடர்களை நடத்தினார். ஒவ்வொன்றும் எட்டு, பத்து நாள் ஓடும். அதற்குக் கட்டணம் இருந்தது, ஆனால் மற்ற ஆசான்களைவிடக் குறைவு. எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார் என்று மற்றவர்கள் புகார் சொல்லும் அளவுக்குக் குறைவு. அதன்பின் பூங்காப் பயிற்சிகளுக்குப் பணம் வாங்கக் கூடாது, உறுப்பினர் பட்டியல் வைக்கக் கூடாது என்று விதி வைத்தார். நூல்களை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். பிற்காலத்தில் இந்த வட்டத்துக்குள் பெரும்பணம் வந்த கதை வேறு, அதைக் கீழே சொல்கிறேன்.

அரசு ஆரம்பத்திலிருந்தே எதிர்த்ததா?

இல்லவே இல்லை. 1992-இலும் 1993-இலும் பெய்ஜிங்கில் நடந்த உடல்நலக் கண்காட்சிகளில் லிக்குப் பாராட்டும் பரிசும் கிடைத்தன. அரசு சார்ந்த சிகோங் சங்கத்தில் அவர் உறுப்பினர். அவருடைய முதன்மை நூலான ஜுவான் ஃபாலுன் 1995 ஜனவரியில் வெளியானபோது, விழா நடந்தது காவல் துறையை நடத்தும் பொதுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் அரங்கத்தில். அதே வருடம் பாரிஸில் சீனத் தூதரகத்திலேயே அவர் பேசினார்.

1996-இல் காற்று திசை மாறியது. மார்ச்சில் லி சிகோங் சங்கத்திலிருந்து விலகினார். அதனால் அரசுக் குடையும் போனது. ஜூனில் ஒரு தேசிய நாளிதழ் அவரை மூடநம்பிக்கைக்காரர் என்று சாடியது. ஜூலையில் அவருடைய நூல்களை அச்சடிக்கத் தடை வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் பெய்ஜிங்கில் அதிகம் விற்ற நூல்களில் ஜுவான் ஃபாலுனும் ஒன்று. தடைக்குப் பிறகு திருட்டுப் பதிப்பு இன்னும் நன்றாக விற்றது. லி அமெரிக்காவுக்குப் போய், 1998 முதல் நியூயார்க் பக்கமே இருந்துவிட்டார்.

1999 ஏப்ரல் 25-இல் என்ன நடந்தது?

அந்த மாதம் தியான்ஜின் நகரத்தில் ஒரு கல்லூரி இதழில் ஹே ஜூஷியூ என்ற இயற்பியலாளர் இளைஞர்கள் சிகோங் பழகக் கூடாது என்று எழுதி, ஃபாலுன் கோங்கைக் குறிப்பிட்டுத் தாக்கினார். பயிற்சியாளர்கள் அந்த அலுவலகத்துக்கு முன்னால் கூடினார்கள். ஏப்ரல் 23-இல் 45 பேரைப் போலீஸ் பிடித்தது. மேலிடத்தில் போய்க் கேளுங்கள் என்று சொல்லப்பட்டதாகச் சொல்கிறார்கள்.

கேட்கப் போனார்கள். ஏப்ரல் 25 ஞாயிற்றுக்கிழமை, விடியும்போது பெய்ஜிங்கின் ஃபூயோ தெருவில் ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அந்தத் தெருவின் ஒரு பக்கத்து மதில்தான் ஜோங்னான்ஹாய், நாட்டின் தலைவர்கள் இருந்து ஆளும் வளாகம். மொத்தம் ஏறத்தாழ 10,000 பேர். நடைபாதையில் நின்றார்கள், சிலர் உட்கார்ந்து படித்தார்கள். கோஷம் இல்லை, அட்டை இல்லை. பிரதமர் ஜூ ரோங்ஜி வெளியே வந்து சிலரை உள்ளே அழைத்துப் பேசினார். பிடித்தவர்களை விடுங்கள், நூல்களை அனுமதியுங்கள், நிம்மதியாகப் பயிற்சி செய்ய விடுங்கள் என்ற மூன்றையும் கேட்டார்கள். தியான்ஜின் ஆட்களை விடுவித்த செய்தி வந்ததும் இரவில் கலைந்தார்கள். போகும்முன் தரையில் கிடந்த குப்பையை, போலீஸ்காரர்கள் போட்ட சிகரெட் துண்டுகள் உட்படப் பொறுக்கிக்கொண்டு போனார்கள் என்பார்கள்.

அன்றைய அதிபர் ஜியாங் ஜெமினைப் பயமுறுத்தியது அந்த ஒழுங்குதான் என்று நினைக்கிறேன். தியானன்மென் சதுக்கத்து மாணவர் போராட்டத்தை ராணுவம் நசுக்கிப் பத்தாண்டு முடிய இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது. உளவுத்துறைக்குத் தெரியாமல், செல்போன் பரவாத காலத்தில், பத்தாயிரம் பேர் வந்து நின்று கலைந்தார்கள் என்றால் யார் இதை நடத்துவது? அன்றிரவே கட்சித் தலைவர்களுக்கு அவர் கடிதம் எழுதினார். ஏப்ரல் 22 முதல் 24 வரை லி பெய்ஜிங்கில் இருந்தார், அவர்தான் ஏவினார் என்று அரசு சொன்னது. ஆஸ்திரேலியா போகும் வழியில் இறங்கினேன், கூட்டத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்றார் அவர்.

எத்தனை பேர் இருந்தார்கள்?

1999 ஜூலையில் இந்தப் பயிற்சிக்கே தடை வந்தது. அதற்கு முன் அரசு வட்டாரத்திலிருந்து வந்த மதிப்பீடு 7 கோடி. தடைக்குப் பின் அதே அரசு 20 லட்சம் என்றது. இயக்கம் 10 கோடி என்கிறது. கட்சியின் உறுப்பினர் எண்ணிக்கையே அப்போது 6 கோடியைச் சற்றுத் தாண்டித்தான் இருந்தது. முதல் எண்ணை அந்தக் கணக்கோடு வைத்துப் படித்தால் பயத்துக்குக் காரணம் புரியும்.

தடைக்குப் பின் என்ன செய்தார்கள்?

தடைக்கு முன்பே, ஜூன் 10-இல், இதற்கென்றே ஒரு கட்சி அலுவலகம் திறந்தார்கள். தேதியை வைத்து அதற்கு 610 அலுவலகம் என்றே பெயர். ஜூலை 20 நள்ளிரவுக்குப் பின் கைதுகள் தொடங்கின, 22-இல் தடை வந்தது, 29-இல் லிக்குப் பிடியாணை. இது அரசியல் விவகாரம் என்று இன்டர்போல் உதவ மறுத்துவிட்டது. பிறகு வந்தவை வேலைநீக்கம், தொழிலாளர் முகாம், சித்திரவதை, போலீஸ் காவலில் மரணம். 'நான் விட்டுவிட்டேன்' என்று கையெழுத்து வாங்கும்வரை விடமாட்டார்கள்.

ஒரே ஒரு சம்பவம் சொல்கிறேன். 2012-இல் அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்தில் ஒரு பெண், ஹாலோவீன் பண்டிகைக்காக வாங்கி வைத்திருந்த அலங்காரப் பெட்டியைத் திறந்தார். பொம்மைக் கல்லறைகளுக்கு நடுவே மடித்த ஒரு கடிதம் இருந்தது. தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில், இடையிடையே சீன எழுத்துகளோடு எழுதியிருந்தது. லியாவோநிங் மாகாணத்து மாசான்ஜியா முகாமிலிருந்து எழுதுகிறோம், ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் வேலை வாங்குகிறார்கள், இங்கே இருப்பவர்களில் பலர் ஃபாலுன் கோங்காரர்கள், தயவுசெய்து இதை மனித உரிமை அமைப்புக்கு அனுப்புங்கள் என்றது கடிதம். எழுதியவர் பிறகு அடையாளம் தெரிந்தார். அவரும் பயிற்சியாளர்தான். அடுத்த ஆண்டுக் கடைசியில் அந்த வகைத் தொழிலாளர் முகாம் முறையையே சீனா ஒழித்தது. குற்றவியல் சட்டத்தின் 300-ஆவது பிரிவில் சிறைத் தண்டனை மட்டும் தொடர்கிறது.

தீக்குளித்தார்களே, அது உண்மையா?

2001 ஜனவரி 23, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள், தியானன்மென் சதுக்கத்தில் சிலர் தங்கள்மேல் தீ வைத்துக்கொண்டார்கள். ஒரு தாயும் அவருடைய 12 வயது மகளும் இறந்தார்கள். ஃபாலுன் கோங்காரர்கள் என்று அரசு அறிவித்து, அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. கொலையும் தற்கொலையும் எங்கள் போதனையில் பாவம், இவர்கள் எங்கள் ஆட்களே இல்லை என்று இயக்கம் மறுத்தது. இறந்த பெண்ணின் ஊருக்குப் போன ஒரு அமெரிக்கச் செய்தியாளரிடம், அவர் பயிற்சி செய்வதைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். வெளியார் யாரையும் சுதந்திரமாக விசாரிக்க அரசு விடவில்லை. அதுவரை இவர்கள்மேல் இரக்கம் காட்டிய சீனப் பொதுமக்களில் பலர் அந்தச் சிறுமியின் முகத்தைப் பார்த்தபின் விலகிப்போனார்கள்.

உறுப்புகளை எடுத்தார்கள் என்பது?

2006-இல் இந்தக் குற்றச்சாட்டு வெளியே வந்தது. கனடாவைச் சேர்ந்த டேவிட் கில்கோர், டேவிட் மேட்டஸ் இருவரும் ஆராய்ந்து, சிறையில் இருந்த பயிற்சியாளர்களின் உறுப்புகள் மாற்று அறுவை சிகிச்சைக்காக எடுக்கப்பட்டன என்ற முடிவுக்கு வந்தார்கள். 2019-இல் லண்டனில் ஜெஃப்ரி நைஸ் தலைமையில் கூடிய சுயேச்சையான தீர்ப்பாயம், சந்தேகத்துக்கு இடமின்றி நடந்தது என்றது. சீனா மறுக்கிறது. தண்டனைக் கைதிகளின் உறுப்புகளைப் பயன்படுத்தியதை மட்டும் ஒப்புக்கொண்டு, 2015 முதல் நிறுத்திவிட்டதாகச் சொல்கிறது.

'தீய மதம்' என்று சீனா சொல்வது சரிதானா?

சீனச் சொல் 'சியேஜியாவோ'. மிங், சிங் பேரரசர்கள் காலத்திலிருந்தே இருக்கும் சட்டச் சொல் அது. அரசர் ஒப்புக்கொள்ளாத, நேர்வழி தவறிய போதனை என்று பொருள். வெண்தாமரை என்ற மறைவான மதக் குழுக்களை அப்படித்தான் ஒடுக்கினார்கள். ஒரு குழு தன் உறுப்பினரை என்ன செய்கிறது என்று இந்தச் சொல் கேட்பதே இல்லை, அரசுக்கு அடங்குகிறதா என்று மட்டும் கேட்கிறது. 1999 அக்டோபரில் சட்டம் போட்டுவிட்டு, ஆங்கிலத்தில் மேற்குலகம் பயப்படும் 'கல்ட்' என்ற சொல்லை எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். தமிழ்ச் செய்திகளிலும் அதை யோசிக்காமல் எழுதுகிறோம்.

மருந்து சாப்பிடக் கூடாது என்கிறாரா?

நேரடித் தடை இல்லை. மருத்துவமனை நோயைத் தீர்க்கும் என்றே எழுதுகிறார், சாதாரண மனிதனுக்கு. பயிற்சி செய்கிறவனுக்கு வருவது நோய் அல்ல, வினை வெளியேறுவது, மருந்து அதை மறுபடி உள்ளே தள்ளும் என்கிறார். அது அவரவர் முடிவு என்கிறார்கள் பயிற்சியாளர்கள். இப்படி மருந்தை விட்டு 1,400 பேர் இறந்தார்கள் என்று சீன அரசு சொன்ன கணக்கை யாரும் சுயேச்சையாகச் சரிபார்க்கவில்லை.

இருந்தாலும் இந்தப் போதனை ஆபத்தானது, இதை நான் அழுத்தியே சொல்வேன். என் சித்தப்பா ஒருவர் மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்த ஒருவரின் பேச்சைக் கேட்டுச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். நிறுத்து என்று அந்த ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லவில்லை. நம்பிக்கை உள்ளவனுக்கு மருந்து எதற்கு என்று மட்டும் கேட்டார். ஆறு மாதத்தில் கால் விரல் புண்ணாகி, இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு குருவின் வாயிலிருந்து வந்தால் குறிப்பே கட்டளைதான்.

வேறு என்ன சர்ச்சைகள்?

1999-இல் ஒரு பெரிய அமெரிக்க வார இதழுக்குக் கொடுத்த பேட்டியில், வேற்றுக்கிரகத்தார் பூமிக்கு வந்து அறிவியலையும் கணினியையும் கொடுத்து மனிதனைக் கெடுக்கிறார்கள் என்றார். ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனிச் சொர்க்கம், கலப்பில் பிறந்தவர்களுக்கு அந்தத் தொடர்பு அறுந்துவிடும் என்று போதித்திருக்கிறார். ஓரினச்சேர்க்கையைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். கலப்பினப் பெற்றோருக்குப் பிறந்தவர்களும் எங்களோடு பயிற்சி செய்கிறார்கள், யாரையும் ஒதுக்குவதில்லை என்று பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். எழுதியது எழுதியதுதான், அது தவறு.

இதைச் சொன்னதும் சிலர், அப்படியானால் சீனா செய்தது சரிதானே என்பார்கள். கோபம் வரும் இடம் எனக்கு இதுதான். சொர்க்கத்தைப் பற்றித் தப்பாக நம்புகிறவரின் நகக்கண்ணில் ஊசி ஏற்ற எந்த அரசுக்கும் உரிமை கிடையாது.

இப்போது அவர் எங்கே, என்ன செய்கிறார்?

நியூயார்க் மாநிலத்தின் ஆரஞ்சு கவுண்டியில் சுமார் 400 ஏக்கரில் டிராகன் ஸ்பிரிங்ஸ் என்ற வளாகம் இருக்கிறது. தாங் வம்சத்துப் பாணியில் கோயில்கள், பள்ளி, ஒத்திகைக் கூடங்கள், வாசலில் காவல். அவருடைய இருப்பிடமாகச் சொல்லப்படுவது அதுதான். 2006-இல் தொடங்கிய ஷென் யுன் நடனக் குழுக்கள் அங்கிருந்துதான் உலகம் சுற்றுகின்றன. 2000-இல் பயிற்சியாளர்கள் ஆரம்பித்த எபோக் டைம்ஸ் செய்தித்தாள், பிற்காலத்தில் டிரம்பை ஆதரித்துப் பெரிய ஊடகமாக வளர்ந்தது.

மேலே சொன்ன பெரும்பணம் இங்கேதான் வருகிறது. 2023 முடிவில் ஷென் யுன் வசம் 26 கோடி டாலருக்கு மேல் சொத்து இருந்தது. காயம்பட்ட இளம் கலைஞர்களைச் சிகிச்சைக்கு அனுப்பவில்லை, பயமுறுத்தி வேலை வாங்கினார்கள் என்று முன்னாள் கலைஞர்கள் 2024-இல் பத்திரிகைகளிடம் சொன்னார்கள், ஒருவர் வழக்கும் போட்டார். ஷென் யுன் மறுக்கிறது. அதே ஆண்டு ஜூனில் எபோக் டைம்ஸின் நிதித் தலைவர்மேல் 6.7 கோடி டாலர் பணமோசடி வழக்குப் பதிவானது. அவர் குற்றத்தை மறுத்தார். மருந்தைப் பற்றிய அந்தப் போதனை ஒரு பதினாறு வயது நடனக்காரியின் முழங்காலில் என்ன செய்திருக்கும் என்ற கேள்வி இதைப் படித்த நாளிலிருந்து என்னை விடவில்லை.

அவருக்குப் பிறகு யார்?

அப்படி ஒரு இடமே இந்த அமைப்பில் வைக்கப்படவில்லை. போதிக்கும் உரிமை லி ஒருவருக்கு மட்டும். பூங்காக்களில் உதவுபவர்கள் ஒலிநாடாவைப் போடலாம், நூலைப் படித்துக் காட்டலாம், அசைவைத் திருத்தலாம். தன் விளக்கத்தைப் போதனையாகச் சொல்லக் கூடாது, யாரும் அவர்களைக் குரு என்று அழைக்கவும் கூடாது. பயிற்சியாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஜுவான் ஃபாலுனை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கிறார்கள், முடிந்ததும் மறுபடி முதல் பக்கத்துக்கு வருகிறார்கள். தைபேயில் நான் பார்த்த பாட்டியின் மடிக்குப் பக்கத்திலும் அந்த நூல் இருந்தது, நீல அட்டை, ஓரமெல்லாம் தேய்ந்து தையல் பிரிந்திருந்தது.